பாட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றானபோது, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். "வழியில வண்டி தூக்கிப் போடக் கூடாது தம்பி. அப்புறம் மறுபடி இங்கதான் வரணும்."

தாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து செம்பாக்கத்தில் எங்கள் வீடு என்ன தூரம் என்று இன்றைக்குத் தோன்றும். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மழை முடிந்த கையோடு எங்கள் ஏரிப் பக்கத்துத் தெருக்களில் சாலை என்று எதுவும் மிச்சமில்லை. ஆட்டோ ஆகாது. ஆம்புலன்ஸ் என்றதும் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அந்த வண்டி நம்ம தெருவுக்குள்ள வந்தா இன்னா அர்த்தம்னு தெரியாதா உனக்கு? உங்கம்மா வாசல்லயே வுழுந்துடுவா."

காலனியில் அம்மா வேலை செய்த வீட்டுக்காரர், அரசு ஆபீசில் இருந்த சார், தானாகவே சொன்னார்: "என் கார் சும்மாதானே நிக்குது. முன் சீட்டைச் சாய்ச்சுப் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்துடலாம்." அந்த மனசுக்கு இன்றும் கும்பிடு போடுகிறேன். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பழைய சின்னக் கார் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக் டொக்' என்று இடிப்பதை நான் கேட்டிருந்தேன். உதவி செய்ய வந்தவரிடம் உங்கள் வண்டி சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கைச் சுமந்து நின்று அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரட்டைப் படமாக வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். தொட்டதில்லை. அதனால் பள்ளியில் என்னோடு படித்துவிட்டு இரும்புலியூரில் மெக்கானிக் ஷெட் போட்டிருந்த நண்பனைச் சார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். சத்தத்தைப் பற்றி அவனே பேச்செடுத்தான்.

"சத்தமா? எனக்குக் கேட்டதே இல்லையேப்பா" என்றார் சார், உண்மையான ஆச்சரியத்தோடு. எங்களை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினார். உடனே முருகன் பாட்டு, முழுச் சத்தத்தில். சாவியோடு கேசட்டும் ஓடும்படி அவர் வயர் கொடுத்து வைத்திருந்தார்.

"சார், பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க சார். வண்டி இன்னா சொல்லுதுன்னு கேக்கணும்" என்றான் நண்பன்.

கேட்டருகே நின்ற அவர் மனைவி பதறினார். "ஐயோ, சாமி பாட்டைப் பாதியில நிறுத்தக் கூடாதுப்பா! கேசட்டுல அந்தப் பக்கம் முடியட்டும்."

வண்டி நகரவில்லை. மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து பாட்டு கேட்டோம். நண்பன் என் காதில், "மச்சான், இத்தினி வருசமா முருகன்தான் ஸ்ட்ரட்டைத் தாங்கிகினு கீறாரு" என்றான். நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு!

கேசட் 'டக்' என்று நின்றது. சார் வண்டியை எடுத்தார். முதல் பள்ளம்: டொக். அடுத்தது: டொக், டொக். ஸ்டியரிங்கை ஒடித்தபோது முனகல் வேறு. சாரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "இது என் வண்டியா?"

இறங்கி, நண்பன் பானெட்டின் ஒரு மூலையை அழுத்திவிட்டான். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டிய வண்டி படகு போல ஆடிக்கொண்டிருந்தது. இடது சக்கரத்துக்குள் கையை விட்டால் எண்ணெயும் புழுதியும் குழைந்து வந்தன. வலது பக்கம் காய்ந்திருந்தது. ஆனால் அதையும் அழுத்தினால் அதே ஆட்டம்.

"கேக்கறது லெப்ட்டு. போனது ரெண்டும், சார்."

கோபித்துக்கொள்வாரோ என்று நான் பயந்தேன். அவரோ என் பக்கம் திரும்பி, "இதுலயா உங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன்!" என்றார். மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, புது ஸ்ட்ரட் இரண்டையும் பேப்பரில் சுற்றி ஷெட்டுக்கு எடுத்து வந்தார்.

அடி போல்ட்டுகள் துருவேறிப் பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து நான் ஸ்பானரைப் பிடிக்க, நண்பன் அதன் பிடியில் நீளக் குழாயை மாட்டித் தொங்கினான். ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கும்போது மட்டும் அவன் ஜோக் அடிக்கவில்லை. "தள்ளி நில்லு. இது வுட்டுச்சுன்னா மூஞ்சி இருக்காது." மேலிருந்த ரப்பர்கள் விரிசல் விட்டு நொறுங்கின. முனகல் அதிலிருந்துதான். அவற்றையும் மாற்றினோம்.

சோதித்துப் பார்க்க அம்மாவை முன் சீட்டில் உட்காரச் சொன்னார் சார். அம்மா நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரும்மா. அவர் படுத்துகினு வரப்போறாரு, நீ இப்படி உக்காந்தா இன்னா தெரியும்?" என்று நண்பன் அதட்டினான். சாய்ந்தாள். ஏரிப் பக்கத்துத் தெருவில் போய்த் திரும்பினோம். "கொஞ்சம் விறைப்பா கீது. ஆனா தூக்கிப் போடல" என்றாள். எனக்கு அது போதும்.

அப்பாவைக் கூட்டி வந்த காலையில் சார் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழி விட்டார். பின் சீட்டிலிருந்து நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் பல்தான் கடித்துக்கொண்டது. அவர் பல் கடிக்கவில்லை.

வாசலில் எங்கள் தோளைப் பிடித்து இறங்கி, உள்ளே கட்டிலில் படுத்தார். சார் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்று, "அப்ப நான் கிளம்பறேன்" என்றார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கூப்பிடும் துணிச்சல் எங்களுக்கும் இருந்ததில்லை.

"இன்னா கிளம்பறது? உள்ளார வந்து காப்பி சாப்ட்டுப் போங்க சார்!"

உள்ளிருந்து அப்பாவின் குரல். மூட்டைக்கு ஆள் கூப்பிடும் அதே பழைய குரல். அம்மா அடுப்பருகே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சார் செருப்பைக் கழற்றினார்.