சூடம் அடிக்கச் சொன்னார்கள்

நான் எழுதுவது இல்லாத ஒரு நாட்டின் கதை. அந்த நாட்டில் ஒரே ஆறு, ஆற்றில் பதினோரு மதகுகள். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு சாமி, ஒரு தலைவன். எந்தச் சாமிக்கு எந்த மாதம் படையல், படையலில் என்ன பலகாரம் என்பதுவரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கதையை மட்டும் போனில் ஒரு செயலியில் வாரம் ஒரு அத்தியாயமாகப் போடுகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத உறவினர் கிடையாது.

எழுத வந்ததே கோபத்தில்தான். மதியச் சமையல் முடிந்ததும் ஏதாவது படிக்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது. திருவிடைமருதூருக்குக் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வருவேன். ராஜா, மந்திரவாதி, மாயக்காடு என்று இருந்தால் விடமாட்டேன். ஆனால் படிக்கப் படிக்க எரிச்சல் வரும். ஐம்பதாயிரம் பேர் படையெடுத்துப் போவார்கள், பதினைந்து நாள் நடப்பார்கள். ஒருவர்கூட ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார்கள். உலை வைத்தது யார்? அரிசி எந்த வயலில் விளைந்தது? மந்திரவாதி கையை ஆட்டினால் மழை கொட்டும். அறுப்பு நேரத்தில் கொட்டினால் நெல் என்ன ஆகும் என்று அந்த நாட்டில் ஒரு ஆளுக்கும் கவலை இருக்காது. இதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன்.

"ஏம்மா, புத்தகத்துகிட்ட கேள்வி கேட்டா அது என்ன பதில் சொல்லும்? வேணும்னா நீயே ஒண்ணு எழுதேன்" என்று நூலகர் திட்டினார். அவர் திட்டாகத்தான் சொன்னார். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

என் நாட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். முதல் மதகில் திறந்த தண்ணீர் கடைசி மதகுக்குப் போய்ச் சேர ஒன்பது நாள். அதற்குள் நாற்று முற்றிப்போனால் சண்டை. ஆறாவது மதகின் தலைவன், முறை முடிந்த பிறகும் இரண்டு நாள் மதகுப் பலகையைத் தூக்காமல் தன் நாற்றங்காலுக்கே தண்ணீரை வைத்துக்கொள்கிறான். கீழே இருக்கிற ஊர்கள் காய்கின்றன. யாராவது கேட்கப் போனால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு உதறு உதறி, மறு தோளில் போட்டுக்கொண்டு, "பார்ப்போம்" என்பான். அந்த அத்தியாயம்தான் வினையானது.

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன்; அவர் வீடு எங்களுக்கு அடுத்த வீடு. அவர் வீட்டு மருமகள் என் கதையை விடாமல் படிக்கிற பெண். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டியிருக்கிறாள். கேட்ட எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் அத்தான் எங்கள் வாசலில் நின்றார்.

"உன் பொண்டாட்டி என்னை ஊர் சிரிக்க வெச்சிருக்கா, தெரியுமாடா?" என்றார் தம்பியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் எப்பம்மா தண்ணியைத் திருப்பினேன்?"

"அது கதை அத்தான். அப்படி ஒரு ஊரே கிடையாது."

"ஊர் கிடையாது. துண்டு இருக்குல்ல?"

சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து இரண்டு உதறு உதறி மறு தோளில் போட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இருபது வருடமாகப் பார்த்த கை. எனக்குத் தெரியாமலே கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கண் துண்டிலேயே நின்றதைப் பார்த்து அவருக்கு வேகம் கூடியது.

"அதுவும் ரெண்டு நாள்னு கரெக்டா எழுதியிருக்கியே. நம்ம மதகுல பலகை ரெண்டு நாள் தூக்காம கிடந்தது உனக்கு யார் சொன்னா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு நாள் என்பது நான் நோட்டில் போட்ட கணக்கு. அவரே சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். என் கணவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

"வெள்ளிக்கிழமை பிடாரி கோவிலுக்கு வா. அந்தத் தலைவன் நான் இல்லேன்னும், இனிமே கதை கிதை எழுத மாட்டேன்னும் சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு. இல்லேன்னா ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போய் அடிச்சுட்டு வந்துடேன்" என்றார் என் கணவர். "போன்ல தட்டுற விஷயம். நாலு மாசம் கழிச்சு எழுதினா யாருக்குத் தெரியப்போவுது? அம்மன் என்ன உன் போன்லயா வந்து படிக்கப்போவுது?"

அத்தான் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் பெரிது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால், அது என் பிள்ளைகள் தலையில் நிற்கும். நான் அதை நம்புகிறவள். வெள்ளிதோறும் அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடுகிறவள். இவர்களுக்கோ அம்மன் என்றால் குடும்பச் சண்டைக்கு முத்திரை குத்துகிற ஆபீஸ். நான் எழுதுவதைத்தான் மதிக்கவில்லை என்று நினைத்திருந்தேன், அவளையும் மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் போனேன். எங்கள் இரண்டு வீட்டாரும் பூசாரியும் மட்டும்தான். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றிவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

"துண்டு உதறுறது அத்தானோடது. தெரியாம எடுத்துட்டேன், அது தப்பு. கதையிலேருந்து எடுத்துடறேன். பலகை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நானா நெனச்சு எழுதினது. அம்மா மேல சத்தியம்." சொல்லிவிட்டு அடித்தேன். உள்ளங்கை சுட்டது.

"இன்னொண்ணு சொல்லணுமே" என்றார் அத்தான்.

"அதைச் சொல்ல மாட்டேன். இன்னிக்கு சத்தியம் பண்ணிட்டு நாளைக்கு எழுதுவேன். அது பொய்ச்சத்தியம்."

"பாத்தியாடா இவ திமிரை?"

அந்த நேரம் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அத்தான், மதகுப் பலகையை நான் அடைச்சு வைக்கலேன்னு நீங்க ஒரு சூடம் அடிங்க. அடிச்சா, இந்த நிமிஷத்தோட எழுதறதை விட்டுடறேன். அதுக்கு நானும் சத்தியம் பண்றேன்" என்றேன்.

பூசாரி யாரையும் கேட்காமல் இன்னொரு சூடத்தை எடுத்து வைத்து ஏற்றினார். அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையை மட்டும் நீட்டியிருந்தால் என் ஆறும் பதினோரு சாமிகளும் அன்றோடு முடிந்திருக்கும். நான் அப்படிப் பந்தயம் வைத்திருக்கக் கூடாது. அதற்காக அம்மனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். சூடம் எரிந்து, சிறுத்து, தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. யாரும் கை வைக்கவில்லை.

"பொம்பளைக்குச் சரியா நின்னு நான் சத்தியம் பண்ணணுமா?" என்றார் அத்தான். விபூதிகூட வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியமே துண்டு வருகிற வரிகளை அழித்தேன். அடுத்த அத்தியாயத்தையும் எழுதினேன். பிறகு அத்தான் வீட்டில் நடந்த வளைகாப்புக்கு எங்களுக்கு அழைப்பில்லை. மருமகளுக்கு வளையல் போட ஆசையாக இருந்தும் நான் இங்கேயே இருந்தேன்.

"ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும், உன் வீம்பால வந்தது" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். அம்மன் முன்னால் பொய் சொல்லிவிட்டு வா என்றவர் சமாதானப் பிரியராம். சொல்ல மாட்டேன் என்றவள் வீம்புக்காரியாம். அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.