ஸ்டெபிலைசருக்கு ஒதுக்கிய பணம்

என் மாமனாருக்கு நாலு கால் இல்லாத எதன் மேலும் பணம் போட்டுப் பழக்கமில்லை. பெருமாட்டிப் பக்கத்துச் சந்தைகளில் மாடு வாங்கி விற்பதுதான் அவர் தொழில். எழுபதுகளின் கடைசியில், அந்த மனிதர் ஒரு ஜோடிக் காளையை விற்ற பணத்தை அப்படியே எங்களிடம் கொடுத்தார் என்றால் அது லேசான காரியமில்லை. கொடுக்கும்போதே நிபந்தனையும் வைத்தார்.

"ஹஜ்ஜுப் பெருநா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள அந்த ரூம்புல ஒரு வருமானம் வரலீன்னா புண்ணாக்கு மூட்டைய அடுக்கிப்போடுவேன். அப்பறம் என்னயக் கேக்கப்படாது."

அந்த அறை வீட்டுக்குப் பின்னால், தென்னந்தோப்பை ஒட்டி இருந்தது. என் கணவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். கந்தூரியோ கோயில் திருவிழாவோ, எங்கே பாட்டுக் கச்சேரி நடந்தாலும் போய் ஸ்பூல் டேப்பில் பதிவு செய்துகொண்டு வருவார். அப்போதுதான் வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட் பிளேயரோடு ஊர் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். கோயம்புத்தூர் கேசட் வியாபாரி ஒருவர் எங்கள் டேப்பைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு நல்லாருக்குதுங்க. ஆனா ஒண்ணு கத்துது, இன்னொண்ணு மொனகுது. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா, எரைச்சல் இல்லாம ஒரு மாஸ்டர் டேப்பு குடுங்க. பிரதி எடுத்து விக்கறது, அது என்ற பொறுப்பு."

பதிவு செய்வது வேறு, பதிவானதைச் சீர்செய்து முடிப்பது வேறு என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு ஒரு நல்ல டேப் மெஷின் வேண்டும், குரலையும் தாளத்தையும் ஏற்றி இறக்கிச் சமன்செய்ய ஈக்வலைசர் வேண்டும், உள்ளதை உள்ளபடி கேட்கவைக்கும் ஸ்பீக்கர் வேண்டும். சுவருக்கு மட்டும் செலவில்லை. தென்னை நாரைச் சாக்கில் அடைத்துத் தைத்து நாலு சுவரிலும் மாட்டிவிட்டோம். உள்ளே நின்று பேசினால் சொன்ன பேச்சு வாயோடு நின்றது.

சண்டை வந்தது ஒரே ஒரு பொருளால்தான். என் கணவருக்குப் பல மைக்கின் ஒலியைக் கலந்து தரும் பெரிய மிக்சர் மேல் ஆசை. பொத்தான் அதிகமிருந்தால் வேலையும் அதிகம் நடக்கும் என்று நினைக்கிற ஆள் அவர். நான் அதை வெட்டிவிட்டு, கரண்டு ஏறி இறங்காமல் காக்கும் ஸ்டெபிலைசருக்குப் பணம் ஒதுக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, நம்மூரு கரண்டோட லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? தோட்டத்துல மோட்டாரு போட்டாப் போதும், டேப்புல பாடறவருக்குத் தூக்கம் வந்துருது. எத்தன பொத்தான் இருந்து என்ன பண்ண?"

"ஸ்டெபிலைசர ஆரு பாக்கப் போறாங்க? அது மூலைல கெடக்கற பொட்டி."

"பாக்கறதுக்கா ஸ்டுடியோ வெக்கறோம்?"

கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சோறு மட்டும் வழக்கம்போல இறங்கியது. மின்னழுத்தம் குறையும்போது எங்கள் பழைய மெஷினின் வேகமும் குறைந்தது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்ததால் ஒப்புக்கொள்ளக் கசந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்.

டேப் மெஷின் வாங்கக் கோயம்புத்தூருக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் சொன்ன விலையை மகன் அப்படியே கொடுத்துவிட்டு வருவான் என்ற பயத்தில், எங்களுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு மாமனாரும் பஸ் ஏறிவிட்டார். பழைய மெஷின்கள் விற்கும் கடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றைக் காட்டினேன். கடைக்காரர் விலை சொன்னார். அதைக் கொடுத்தால் ஸ்டெபிலைசருக்கு ஒன்றும் மிஞ்சாது. என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ஸ்டெபிலைசர் போனால் போகட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அப்போது மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கடைக்காரரின் கையைப் பிடித்து, அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான் பேரம். வாயால் விலை சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்திச் சொல்வார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. கண்ணாடி அலமாரியும் சுழல் நாற்காலியும் உள்ள கடையில் அதைச் செய்ததும் எனக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கிப்போனது.

ஆனால் கடைக்காரர் சிரித்துவிட்டார். "எங்கய்யனும் சந்தைக்குப் போறவருதானுங்க," என்று நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கடைக்காரர் ஒரு தடவை கையை உருவப் பார்த்தார், மாமனார் விடவில்லை. முடிந்ததும் மாமனார் இடுப்பு வாரிலிருந்து பணத்தை எடுத்து எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எண்ணிக் கொடுத்தார். என்ன விலை என்று கேட்டதற்கு, "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்ற வழக்கமில்ல," என்று சொல்லிவிட்டார். மிச்சத்தில் ஸ்டெபிலைசர் வந்தது, ஊருக்கு வரும் முன் ஆளுக்கொரு பிரியாணியும் வந்தது.

அறை தயாராகி, நானும் என் கணவரும் ஒவ்வொரு பாட்டாகச் சீர்செய்தோம். அவர் திருகுவார், நான் போதும் என்பேன். வியாபாரி வந்து கேட்பதாகச் சொன்ன நாள், பெருநாளுக்கு முந்தின நாளாகப் போய்விட்டது. மாமனாரும் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே வண்டியில் புண்ணாக்கு மூட்டையை ஏற்றி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

வியாபாரி உட்கார்ந்து பாட்டைப் போடச் சொன்னார். பாதிப் பாட்டில், சுற்றியிருந்த தோட்டங்களில் வரிசையாக மோட்டார் போட்டார்கள். தலைக்கு மேலிருந்த பல்பு மங்கிச் சிவந்து, உள்ளிருக்கும் கம்பி மட்டும் தெரிந்தது. என் கணவர் என் கையைப் பிடித்தார். பாட்டு மட்டும் இம்மியும் இறங்கவில்லை. பல்பு செத்துக்கொண்டிருக்க, பாடகர் அதே உச்சத்தில் நின்று பாடினார். வியாபாரி பல்பை அண்ணாந்து பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"என்ற கிட்ட இருக்கற டேப்பு பூராத்தையும் இங்கயே அனுப்பிடறேனுங்க," என்று சொல்லி முன்பணத்தை எடுத்து நீட்டினார். என் கணவர் அதை என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்று கூட வரவில்லை.

வாசலில் நின்ற மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அந்தப் பாட்ட இன்னொருக்காப் போடு கண்ணு," என்றார். கடைசி வரை நின்று கேட்டார். பிறகு வெளியே போய் வண்டிக்காரரிடம் போட்ட சத்தம் சுவரில் இருந்த நார்ச் சாக்கையும் மீறி எங்களுக்குக் கேட்டது.

"மூட்டைய மாட்டுச்சாளைக்குக் கொண்டு போப்பா! இங்க எங்க எடமிருக்குது? இது என்ற மருமவ ஸ்டுடியோ!"