தபால் வழியே தரப் பரிசோதனை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய ஒருவர் தபால் வழிப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்தே துணியின் தரம் பார்க்கக் கற்றுச் சான்றிதழ் வாங்கலாம். பாடம் எழுதும் பொறுப்பு எனக்கு. நான் நிறையப் படித்தவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நம்பிவிட்டார்; நானும் நம்பிவிட்டேன்.

முதல் பாடத்தைச் சிந்துவெளிப் பருத்தியில் ஆரம்பித்தேன். இரண்டாம் பாடத்தில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். பனியன் நான்காம் பாடத்தில்தான் வந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் இதை எப்போது படிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்ஸ்டிடியூட் உரிமையாளர் பாடக் கவரைக் கையில் தூக்கிப் பார்ப்பார்.

"கனம் பத்தலீங்க. இன்னும் ரெண்டு பக்கம் சேத்துங்க."

கடைசித் தேர்வுக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று துணித்துண்டுகள் அனுப்பினோம். ஒன்றில் ஓட்டை, ஒன்றில் ஆயில் கறை, ஒன்றில் தையல் விட்டுப்போன ஓரம். என்ன குறை என்று எழுதி, துண்டுகளையும் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சொல்லும் ஒரே வரியை மூன்று பக்க முன்னுரைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலிலிருந்து ஒரு பெண்ணின் கவர் புதன்கிழமை காலைத் தபாலில் வந்தது. கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் பல வருடமாக இருப்பவர். ஓட்டை நூலால் மூடப்பட்டிருந்தது. கறை போயிருந்தது. ஓரம் தைத்திருந்தது. விடைத்தாளில் மூன்று இடத்திலும் "குறை இல்லை". உரிமையாளர் பூஜ்யம் போட்டு முடிவைத் தபாலில் அனுப்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் தாளோடு அந்தப் பெண்ணே எங்கள் மாடியேறி வந்தார்.

"ஏனுங்க சார், மூணையும் சரி பண்ணித்தானுங்க அனுப்புனேன்?"

"குறை என்னன்னு எழுதச் சொன்னா நீங்க எதுக்கு அம்மணி தெச்சீங்க?" என்றார் உரிமையாளர்.

"அந்த வரி வர்றதுக்குள்ள கை தெச்சுப் போட்டுதுங்க. ஓட்டையோட பீஸை அனுப்புனா எங்க கம்பெனியில சும்மா உடுவாங்களா?"

அந்தப் பெண்ணின் கம்பெனியில் வரும் திங்கட்கிழமை செக்கிங் சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சான்றிதழ் இல்லாதவர் அந்த வேலையைக் கேட்கவே முடியாது. உரிமையாளர் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பெண் மேஜையில் கிடந்த துண்டுகளை விரலால் தடவி, எதில் எங்கே என்ன இருந்தது என்று மளமளவென்று சொல்லிவிட்டார். எல்லாம் சரி.

"சரிதான் அம்மணி. ஆனா இது தபால் வழிப் படிப்பு. நேர்ல வந்து சொன்னாச் செல்லாது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் என் முன்னுரையைப் பார்த்தேன். பிறகு மேஜையிலிருந்து ஒரு அஞ்சலட்டையை எடுத்து நீட்டினேன். அதே மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று வரி எழுதி, கீழே இருந்த தபால் பெட்டியில் போட்டார். எங்கள் வாசலில் போட்ட அட்டை ஊர் சுற்றி, வியாழக்கிழமை பிற்பகல் எங்கள் மாடிக்கு வந்தது. உரிமையாளர் தபால் முத்திரையைப் பார்த்துத் திருப்தியாகி முழு மதிப்பெண் போட்டார்.

சான்றிதழ் சனிக்கிழமை மாலைதான் தயாரானது. தபாலில் போட்டால் திங்கள் தாண்டிவிடும், நானே கொண்டுபோகிறேன் என்றேன். உரிமையாளர் வெகுநேரம் யோசித்தார்.

"சரி, கொண்டு போங்க. ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிக்குங்க."

ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் நெருப்பெரிச்சலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை நடந்ததை மறுவாரம் அந்தப் பெண் வந்து சொன்னார்.

"மேனேஜர் கவரைப் பிரிக்கவே இல்லீங்க. அப்படியே டிராயர்ல போட்டாருங்க. ஒரு பீஸை நீட்டி என்ன டேமேஜுன்னு கேட்டாருங்க, சொன்னனுங்க. நாளையிலிருந்து செக்கிங் டேபிளை நீயே பாத்துக்கன்னு சொல்லிப்போட்டாருங்க."

உரிமையாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் பாடங்களால் சூப்பர்வைசரான முதல் மாணவி என்று அடுத்த நோட்டீசில் போடச் சொன்னார். போட்டேன்.