நான்கு கோப்புகளில் ஒரே கையெழுத்து

சூசைநாதனுக்கு அரசாங்கக் காகிதம் என்றால் பயமும் பெருமையும் சேர்ந்தே வரும். சிங்கப்பூர் கேலாங்கில் எட்மண்ட் நடத்திய முலாம் பட்டறையில் 1969 முதல் கிடங்கு அவர் பொறுப்பு. கிடங்கில் இருந்ததெல்லாம் ஆளைக் கொல்லும் சரக்கு: அமிலம், சயனைடு, சட்டென்று தீப்பற்றும் தின்னர். சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் ஹோட்டல் கரண்டிக்கும் பளபளப்பு ஏற்றி முடித்தால் தொட்டியின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு சேறு தங்கும். அதை வழித்து டிரம்மில் அடைப்பதும் அவர் வேலைதான். பதினேழு வருஷத்தில் ஒரு ஆளுக்குக்கூட அங்கே கை வெந்ததில்லை. யாரும் கேட்காவிட்டாலும் இதை அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தப் பட்டறைக்கு நான்கு இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தின்னருக்குத் தீயணைப்பு, சயனைடுக்கு நஞ்சு உரிமம், கழிவுநீருக்குச் சாக்கடைப் பிரிவு, குப்பைக்குக் குப்பைப் பிரிவு. நாலு அலுவலகம், நாலு வரிசை, நாலு படிவம். தின்னரைப் பார்க்க வந்தவர் சயனைடு அலமாரியைக் கடந்து போவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சேற்றின் பக்கம் யாரும் வந்ததே இல்லை. ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இந்த லட்சணத்தில்தான் காரியம் நடந்தது.

நாலு படிவத்திலும் 'பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. நாலிலும் சூசைநாதன் பெயர்தான். முதலாளியின் பெயரைப் போட வேண்டிய இடத்தில் இவர் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குத்தான் போக வேண்டும். எழுபத்தொன்றில் மகள் ரூபிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்று குழந்தையை ஏந்தியவர் எட்மண்ட். அன்றிலிருந்து எட்மண்ட் பட்டறையில் மட்டும்தான் சார். பஃபலோ ரோட்டில் சூசைநாதன் வீட்டுக்கு வந்தால் தம்பி. "சூசையண்ணே, வெளியாள் பேரைப் போட எனக்கு மனசு வரல. நீங்க நம்ம ஆளு" என்று அவர் சொன்ன அன்று சூசைநாதன் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் மாடி ஆபீசிலிருந்து ஒரு கட்டுப் படிவம் வரும். எல்லாம் வெற்றுப் படிவம். "மாசா மாசம் எதுக்கு ஏறி இறங்கணும்? மொத்தமா சைன் போட்டுடுங்க, ஆபீஸ் பொண்ணு டைப் அடிச்சுக்கும்" என்பார் எட்மண்ட். சூசைநாதனும் உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கப் போட்டுத் தள்ளுவார். மகளுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறவனிடம் 'என்ன எழுதப்போகிறாய்' என்று கேட்பது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. கிடங்கில் ஒவ்வொரு மூடியையும் மூன்று முறை தொட்டுப் பார்க்கிற மனுஷன், மாடியில் இப்படி ஒரு மடத்தனம் செய்தார். வேறு என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு லாரி வந்து சேற்று டிரம்களை ஏற்றிப் போகும். எங்கே போகிறது என்று ஒரே ஒருமுறை கேட்டார். "லைசென்ஸ் உள்ள ஆளுதான் லா, அண்ணே" என்று பதில் வந்தது. போதும் என்று விட்டுவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் அந்த நாலு அனுமதி வேலையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். இனி ஒரே கவுண்டர், ஒரே படிவம், ஒரே கோப்பு. சிங்கப்பூரிலேயே இதற்காக அதிகம் சந்தோஷப்பட்டவர் சூசைநாதனாகத்தான் இருக்கும். "இனிமே அரை நாள் லீவு மிச்சம்" என்று மனைவி அந்தோனியம்மாளிடம் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை புதிய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வடிவேலு என்ற இளம் அதிகாரி மேசைமேல் நாலு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்.

"அங்கிள், இதைப் படிங்க. சேறு எதுவும் சாக்கடைக்கு வரல, எல்லாம் குப்பையில போகுதுன்னு சாக்கடைப் பிரிவுக்கு எழுதியிருக்கீங்க. குப்பைப் பிரிவுக்கு என்ன எழுதியிருக்கு? சேறே கிடையாது, எல்லாம் கரைச்சு சாக்கடையில போகுதுன்னு. ரெண்டுலயும் உங்க சைன். அப்போ வாரா வாரம் அத்தனை டிரம் எங்க போச்சு?"

சூசைநாதன் குனிந்து இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொங்கோல்ல ஒரு பன்றிப் பண்ணைக்குப் பின்னால முந்நூறு டிரம் கிடக்கு, அங்கிள். பாதி ஓட்டை. பக்கத்துல கிணறு இருக்கு."

கிணறு என்றதும் சூசைநாதன் நிமிர்ந்தார். அந்தச் சேறு என்ன செய்யும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

வடிவேலு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இது நீங்க பண்ண வேலை இல்லன்னு எனக்குத் தெரியும். லாரியை யார் கூப்பிட்டது, ஃபார்ம் யார் எழுதினது, எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க. முதல்ல சொல்றவர் சாட்சி. இன்னொருத்தர் முந்திக்கிட்டார்னா கோர்ட்ல நிக்கப்போறது நீங்கதான்."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அவரே வந்து சொல்வார்."

"யாரு, உங்க பாஸா?"

"என் மகளுக்கு ஞானத்தகப்பன், தம்பி. அவருக்குத் தெரியாம நான் முந்தி வந்து காட்டிக் குடுத்தா அது துரோகம்."

"சரி, திங்கள் வரைக்கும்தான்" என்று வடிவேலு பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் எட்மண்ட் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகம் வெளுக்கக்கூட இல்லை. "நாலு ஆபீஸ் படிவத்தை நாலு பேர் தனித்தனியாத்தானே பார்ப்பாங்கன்னு இருந்துட்டேன். தப்பு என்னோடது. மன்டே பத்து மணிக்கு நானே வந்து எல்லாம் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க லா, அண்ணே" என்றார். சூசைநாதன் நெகிழ்ந்துபோனார். தப்பை ஒப்புக்கொள்ள எத்தனை முதலாளிக்கு மனசு வரும் என்று வீட்டில் வந்து புகழ்ந்தார். அந்தோனியம்மாள் மட்டும், "நீங்க போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் அவளை முறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்மண்ட் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ரூபியின் தலையில் கை வைத்து, "நல்லா படிக்கிறியா கண்ணு?" என்றார். கிளம்பும்போது தோளைத் தட்டி, "நாளைக்குப் பத்து மணி" என்று நினைவூட்டினார்.

திங்களன்று சூசைநாதன் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தார். பத்து அடித்தது. பதினொன்று அடித்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். கடைசியில் வடிவேலு வெளியே வந்து அவரை உள்ளே கூட்டிப்போனார். சூசைநாதன் முகத்தைப் பார்க்காமலே மூன்று தாள்களை எதிரே தள்ளினார்.

எட்மண்டின் வாக்குமூலம். வக்கீல் எழுதிய இங்கிலீஷ். கிடங்கும் கழிவும் முழுக்கத் திரு. சூசைநாதன் பொறுப்பு, லாரியை அமர்த்தியது அவர், படிவங்களை நிரப்பிக் கையெழுத்திட்டதும் அவர், விஷயம் தெரிந்து முதலாளி மனமுடைந்து போயிருக்கிறார். நீண்டகாலக் குடும்ப நண்பர் என்பதால் தண்டனையில் இரக்கம் காட்டும்படியும் கேட்டிருந்தது. அந்த இரக்கத்தை மட்டும் சூசைநாதன் இரண்டு முறை படித்தார். அடியில் தேதி போட்டிருந்தது: வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

"இப்பவாவது சொல்லுங்க, அங்கிள். நான் எழுதிக்கிறேன்."

"இப்ப சொன்னா, தப்பிக்கிறதுக்காக அடுத்தவன் மேல போடுறேன்னு ஆகாதா?"

ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் சூசைநாதன் சொன்னார், ஒன்று விடாமல் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் என்று அச்சிட்ட தாளில் அதை எழுதிக்கொண்டார்கள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. அந்தோனியம்மாள் கதவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி வந்தாரா?"

சூசைநாதன் செருப்பைக் கழற்றினார்.

"வந்தார். எனக்கு மூணு நாள் முன்னாடியே வந்துட்டுப் போயிட்டார்."