நடுச்சுவரும் ஒரு சொல்லும்

தொண்ணூறுகளின் இறுதியில், கோரிப்பாளையத்துச் சந்தொன்றில் இருந்த எங்கள் வீட்டின் நடுச்சுவரை இடிப்பதென்று முடிவு செய்தேன். கூடம் சிறியது, ஒட்டியிருக்கும் அறையையும் சேர்த்துக்கொண்டால் நாலு பேர் வந்தால் உட்கார இடமிருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

அந்த அறையில் என் அக்கா மூன்றாண்டுகள் படுத்திருந்தாள். பக்கவாதம் அவளுடைய பேச்சையும் வலப்பக்கத்தையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய இடக்கையால் எவர்சில்வர் கரண்டி ஒன்றைப் பற்றி, கட்டிலையொட்டிய சுவரைத் தட்டுவாள். இப்புறம் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நான் "வாரேன்க்கா" என்று குரல் கொடுப்பேன். உடனே தட்டல் நின்றுவிடும். எங்கள் ஊரில் வருகிறவன் சொல்வதும் 'வாரேன்' என்ற அச்சொல்லே. புறப்பட்டுப் போகிறவன் சொல்வதும் அச்சொல்லே. இலக்கணம் கற்பித்துப் பிழைத்த எனக்கு இது தெரியாததன்று. ஒரு பிற்பகலில், நாலு தாள்களே மிச்சமிருந்தமையால், வாரேன் என்று சொல்லிவிட்டு நான் எழவில்லை. தட்டல் வழக்கம்போல் நின்றது. நாலையும் முடித்துவிட்டுப் போனபோது கரண்டி தரையில் கிடந்தது. அக்காவின் உயிர் பிரிந்திருந்தது.

அதன்பின் பக்கத்து வீட்டில் யாரேனும் தேங்காய் உடைத்தாலும் நான் எழுந்து நிற்பேன். எழுந்தபின் எங்கே போவதென்று தெரியாது.

ஓராண்டு கழிந்து, இடிப்பதற்கு முந்தின நாள் காலையில் அறையை ஒழித்தோம். கட்டிலை நகர்த்தியதும், தலைமாட்டருகே பூச்சு பெயர்ந்து உள்ளங்கையளவு குழி தெரிந்தது. மனைவி அதை மறைக்கப் பழைய நாட்காட்டி ஒன்றை மாட்டப் போனாள். நாளை விழப்போகும் சுவர் என்பது நினைவுக்கு வந்து கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு அலங்காநல்லூரிலிருந்து கொத்தனார் வந்தார். நான் கூடத்துப் பரணிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் அறைக்குள் போய், சுவரினுள்ளே தண்ணீர்க் குழாய் எதுவும் ஓடுகிறதா என்றறியக் கொத்துக்கரண்டியின் காம்பால் தட்டினார்.

"வாரேன்க்கா!"

சொல் வாயைவிட்டுப் போன பிறகே அது என் குரல் என்று தெரிந்தது. சுவரின் மறுபக்கம் தட்டல் சட்டென்று நின்றது.

"அக்காவா? சார், இங்கிட்டு மீசை வச்ச ஆளுல்ல நிக்கிறேன்!" என்று கொத்தனார் உள்ளிருந்து சிரித்தார்.

அடுக்களை வாசலில் மனைவி ஈரக்கையோடு நின்றாள்.

"அவுக போன அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீக," என்றாள். "அவுக தட்டுற சத்தம் கேட்டு நானும் அடுப்ப அமத்திட்டுக் கெளம்பிட்டேன். நீங்க வாரேன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதான் நீங்க போறீகளேன்னு திரும்பிட்டேன்."

இதை அவள் அதுவரை சொன்னதில்லை. அக்காவின் கையை நிறுத்திய சொல் இவளுடைய காலையும் நிறுத்தியிருந்தது. சுவர் போனால் எனக்குள் கேட்கும் ஓசையும் போய்விடும் என்றுதான் இடிக்கச் சொன்னேன். கூடத்தின் அளவு ஒரு சாக்கு. அவளுக்கும் எத்தனை பிற்பகல்களில் அந்தத் தட்டல் கேட்டிருக்கும் என்று, பரண் ஏணியில் நின்றபடி, அப்போதுதான் எண்ணிப்பார்த்தேன்.

கொத்தனார் வெளியே வந்தார். "கீழ குழாய் ஒண்ணும் இல்ல சார். மேலயும் ஒரு தரம் தட்டிப் பாத்துர்றேன். நாளைக்குக் காலைல ஆளுகளோட வந்துருவேன்."

"அண்ணே, இனிமே தட்டாதீக," என்றாள் மனைவி. "இன்னைக்கே கடப்பாறையப் போடுங்க. அடிக்கிறத ஒரேயடியா அடிச்சிருங்க."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் ஏணியை விட்டிறங்கி, சுவரை இடிக்கத் தோதாக மின்சார மெயினை அணைக்கப் போனேன்.