ஸ்வீட்லின் டீச்சரின் மூக்கு

"கைய நீட்டு."

கம்பெனி வேன் பள்ளி வாசலில் நின்றதும் ஸ்வீட்லின் டீச்சர் படியை மறித்துக்கொண்டு நிற்பார். இறங்குகிற ஒவ்வொரு மாணவியும் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட வேண்டும். டீச்சர் குனிந்து மோந்து பார்ப்பார். இரும்பைக் கடையும்போது ஊற்றுகிற கூலன்ட் எண்ணெயின் வாடை வந்தால் முதுகில் செல்லமாக ஒரு தட்டு. அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பின் பசை வாடை வந்தால் அந்தக் கையை விட்டுவிட்டு, முந்தானையால் தன் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொள்வார். "இன்னிக்கும் டப்பாதானா?" என்பார். பல வாரங்களாகத் துடைப்புதான் நடந்தது, தட்டு நடக்கவில்லை.

எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவர் பதினொன்றாம் வகுப்பு தொழிற்பிரிவுக்கு மெக்கானிக்கல் எடுக்கிறார். நான் தமிழ். அவருடைய கைப்பையில் சின்ன பைபிளும் அதைவிடச் சின்ன திருப்புளியும் எப்போதும் இருக்கும். எங்கே திருகு ஆடினாலும் அவருக்குப் பொறுக்காது. ஆசிரியர் அறை நாற்காலிகள், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாம் அவர் கைபட்டவை. பேசிக்கொண்டே என் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முடுக்கி மறுபடி மாட்டிவிட்டும் இருக்கிறார். குரல் மட்டும் கொஞ்சம் பெரியது. அவர் வகுப்பெடுத்தால் கோயில் மலைக்கு மொட்டையடிக்கப் போகிறவர்களுக்கும் லேத் மெஷின் பாடம் நடக்கும்.

பைபாஸ் ரோட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனி எங்கள் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டது. வாரத்தில் இரண்டு நாள் மாணவிகள் அங்கே போய் லேத்தும் டிரில்லிங்கும் கற்றுக்கொள்வார்கள் என்று பேச்சு. வாசலில் பேனர் கட்டினார்கள். பேனரில் ஹெல்மெட்டும் கண்ணாடியுமாக மெஷின் பக்கத்தில் நிற்பவள் அலீஷா. அந்தப் போட்டோ எடுத்த பிறகு அவளை அந்த மெஷின் பக்கம் ஒருநாளும் விடவில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் விடியலில் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள், கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி ஒட்டினார்கள். பயிற்சியாம். சம்பளமில்லாத கூலி ஆட்களுக்கு இவ்வளவு கௌரவமான பெயரை யார் கண்டுபிடித்தார்களோ, அவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

அலீஷாவின் அப்பா ஷகீல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் மெக்கானிக். பத்தாவதோடு மகளை நிறுத்த இருந்தார். டீச்சர் நடையாய் நடந்து பேசியபோது அவர் சொன்னது ஒன்றுதான். "மிஷின் வேல கத்துக் குடுக்கறதா இருந்தா அனுப்பறேன் டீச்சர். டப்பா ஒட்டத்தான்னா படிப்பு என்னாத்துக்கு? நேரா வேலைக்கே அனுப்பிடுவேன்." டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம், வேனிலிருந்து இறங்கிய எல்லாக் கைகளிலும் எண்ணெய் வாடை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் கடையில் அத்தனை பேருக்கும் சுடச்சுட போண்டா வாங்கிக் கொடுத்தார். அலீஷாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து என் மூக்கின்மேல் வைத்தார். "மோந்து பாருங்க சார், என் கொழந்திங்க மிஷின்ல நின்னுகினு வந்துக்குதுங்க!" நானும் மோந்தேன். எனக்கு எல்லா எண்ணெயும் ஒன்றுதான். அவருக்கு அப்படியல்ல. ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த மூக்கும் ஏமாந்துவிட்டது.

சில நாள் கழித்து டீச்சர் தன் ஸ்கூட்டிக்கு பிரேக் சரிபண்ண ஷகீல் கடைக்குப் போனார். வேலை முடிந்ததும் ஷகீல் கறுத்த கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "பொண்ணு கையில இப்பல்லாம் ஆயில் வாசன வருது டீச்சர். என்னையே மிஞ்சிடும்னு வூட்ல சொல்லிகினு கீறேன்." டீச்சர் சாவியை மூக்கருகே கொண்டுபோனார். பிள்ளைகள் கையில் வந்த அதே வாடை. வண்டி எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில். "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் ஏறாமல் வீடு வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

மறுநாள் டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் அலீஷா தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே அப்பா கடையின் ஆயில் துணி. வேன் பள்ளியை நெருங்கும்போது எல்லாரும் அதில் கையைத் துடைத்துக்கொள்வார்களாம்.

"நீங்க சண்ட போட்டா ஒப்பந்தத்த முடிச்சிடுவோம்னு அந்த சார் சொன்னாரு மிஸ். கம்பெனி நின்னா அப்பா என்னயும் நிறுத்திடுவாரு."

டீச்சர் துணியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "பொய்ய மோந்து பாத்து போண்டா வாங்கிக் குடுத்துக்கறேன் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

'அந்த சார்' கம்பெனியின் மனிதவள மேலாளர் கௌதமன். ஒப்பந்தத்தை நீட்டிக்கிற விழாவன்று தலைமையாசிரியர் அறையில் டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுங்க மெஷின் கிட்ட போனா சேஃப்டி இஷ்யூ மேடம்" என்றார் அவர்.

"போட்டோ புடிக்கறப்ப எங்க போச்சு உன் சேஃப்டி?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கே கை துறுதுறுத்தது. தலைமையாசிரியர் வரதராஜன் டீச்சரை ஓரமாக அழைத்துக் கெஞ்சினார். "இவரும் கோச்சிகினு போயிட்டா இந்தப் பக்கம் வேற எவன்மா வருவான்? மேடையில நீ வாயத் தொறக்காத. எனக்காக." அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் எரிச்சல். வாயைத் திறந்தால் அலீஷாவின் படிப்பு போகும். மூடிக்கொண்டால் அடுத்த வருஷமும் டப்பா. "சரி சார், தொறக்கல" என்றார் டீச்சர்.

முன்வரிசையில் மாணவிகள் கம்பெனி டீஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் நடுவில் ஷகீல், கடையை மூடிவிட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். கௌதமன் 'நாளைய பொறியாளர்கள்' என்று பேசி முடித்தபோது எல்லாரையும்விட ஓங்கிக் கை தட்டியவர் அவர்தான்.

பொன்னாடை போர்த்தியாயிற்று. போட்டோகிராஃபர் டீச்சரையும் மேடையேற்றினார். "கை குடுங்க மேடம், கொஞ்சம் சிரிங்க." கௌதமன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

டீச்சர் அதைக் குலுக்கவில்லை. வேன் படியில் செய்வதுபோல் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தார். குனிந்து, நிதானமாக மோந்து பார்த்தார். போட்டோவுக்கும் தட்டிக்கொண்டிருந்த ஷகீலின் கை நின்றது. டீச்சர் வாயே திறக்கவில்லை. அந்தக் கையை விட்டார், முன்வரிசையைப் பார்த்தார், முந்தானையை எடுத்து மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.