பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

எங்கள் பிள்ளை பிறந்தபோது எங்களைவிட எங்கள் சபைப் போதகருக்குத்தான் பெருமை அதிகம். கல்யாணமாகி ரொம்பக் காலம் கழித்து, இனிமேல் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்த பிள்ளை. அவர் கைவைத்து ஜெபித்த பிள்ளை. பக்கத்து ஊர்க் கூட்டங்களுக்கெல்லாம் எங்களைக் கூட்டிப்போய் மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தார். எனக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். திருப்பாதிரிப்புலியூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறேன். அவர் படித்தவர். போதகர் படிப்பு போக ஆலோசனை சொல்வதற்கும் ஏதோ படித்து, சபைக்குப் பின்னால் ஓர் அறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடும்பச் சண்டை, குடிப்பழக்கம், மனக்கவலை எல்லாவற்றுக்கும் அந்த அறைதான்.

பிள்ளைக்கு மூன்றாவது மாதம் நடக்கும்போது என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டச் சொன்னால் நடுங்கினாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சிதம்பரத்தில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். போதகரிடம் போய்ச் சொன்னேன்.

"மனோதத்துவம் மனுஷன் எழுதுனது பிரதர். வேதம் தேவன் எழுதுனது. எது பெருசு? சிஸ்டர எங்கிட்ட அனுப்புங்க. மாத்திரைய ஆரம்பிச்சா விசுவாசம் போயிடும்."

அனுப்பினேன். வெளியே வந்தவள் முகம் கொஞ்சம் தெளிந்துதான் இருந்தது. "எல்லாத்தயும் சொல்லிட்டேங்க. நெஞ்சு லேசா இருக்கு" என்றாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேன் போடப் போன வீட்டில், சபை சிஸ்டர் ஒருவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பிரதர், நீங்க வேலைக்கு வந்துட்டா புள்ளய யாரு பாத்துக்கிறாங்க?"

"அவதான் இருக்காளே."

"அதனாலதான் கேக்குறேன்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபம். யாருக்கு என்ன கஷ்டம் என்று போதகர் ஒவ்வொன்றாகச் சொல்வார், எல்லோரும் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். அதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். ஒருத்தர் வீட்டு விஷயத்தை நூறு பேரிடம் சொன்னாலும் அங்கே அது கோள் ஆகாது, ஊழியம். அந்த வெள்ளிக்கிழமை போதகர் சொல்லியிருக்கிறார்: "நம்ம ஜெபத்துல பொறந்த ஒரு பிள்ளை. அந்தத் தாய்க்கு, பிள்ளையத் தூக்கிக் கெடிலம் ஆத்துல போட்டுடுவோமோன்னு நெனப்பு வருது. அது கொலை ஆவி. பேர் வேணாம். ஜெபிச்சுக்குங்க."

பேர் வேண்டாமாம். அவர் மேடை மேடையாகத் தூக்கிக் காட்டிய பிள்ளை ஒன்றே ஒன்றுதானே?

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி உட்கார்ந்த பாயில் யாரும் உட்காரவில்லை. பக்கத்துப் பாயில் இருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். அதன் தாய் சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை என்னிடம் கொடுத்து, "இனிமே நான் தொடல" என்றாள். சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்தினாள்.

பயந்துபோய் அவளைச் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டர் மாத்திரை எழுதினார். பக்கத்து அறையில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண் இருந்தார்; நோயாளிகள் மனதுவிட்டுப் பேசுவதைக் கேட்பதுதான் அவர் வேலை. "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று கதவைச் சாத்தினார். திறந்ததும், "என்னம்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"அவுங்களா சொன்னா கேட்டுக்குங்கண்ணே. நான் சொல்ல மாட்டேன்."

"நான் ஜெபம் பண்ணலாமாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"நல்லா பண்ணுங்க. மாத்திரையப் போட்டுட்டுப் பண்ணுங்க."

பிள்ளை பெற்ற பலருக்கும் வருகிற நோய்தான் இது, அந்த நினைப்பைக் கண்டு அவள் பயப்படுகிறாள், விரும்பவில்லை என்று அந்தப் பெண் விளக்கியதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். மெல்ல மெல்லத் தேறினாள். பிள்ளையைத் தானே குளிப்பாட்டினாள். ஆனால் சபைக்கு மட்டும் வர மறுத்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. கேனைத் தோளில் ஏற்றும்போதெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன். நேரில் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லித் தலை குனிந்தேன்.

மாத்திரை வாங்கப் போன ஒரு நாள், சிதம்பரத்தில் அதே வராந்தா பெஞ்சில் போதகர் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வெள்ளை உடுத்துகிறவர் கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, சுவரையே பார்த்தபடி.

"பிரதர்! சொந்தக்காரர் ஒருத்தரப் பாக்க வந்தோம்."

நர்ஸ் எட்டிப் பார்த்து, "சார், போன மாச சீட்டு எங்க? அம்மாவ அழச்சிகினு உள்ள வாங்க" என்றாள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சபையில சொல்லிடாதீங்க பிரதர்."

"சொல்லல ஐயா. பேர் இல்லாம ஜெபக்குறிப்பா குடுத்துடட்டுமா?"

என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு, ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தில் முதல் தடவையாகக் கை தூக்கினேன். மைக்கை நீட்டவே அவர் யோசித்தார். "ஒரு குடும்பத்துக்காக..." என்று சொல்லி நிறுத்தினேன். அவருக்கு வேர்த்தது. "எங்க தெருவுல. போர் தண்ணி உப்பா வருதாம்."

"யோவ், தண்ணி நல்லா வந்தா ஒன் யாவாரம் படுத்துடும்யா!" என்றார் பின்வரிசையில் ஒருவர். சபையே சிரித்தது. அடுத்தடுத்த வாரமும் தூக்கினேன். அவர் மெலிந்துகொண்டே போனார். எனக்கு நன்றாகப் பசித்தது.

இது என் மனைவி காதுக்கு எட்டிவிட்டது. "மைக்கப் பாத்தா ஓடுற ஆளு வாராவாரம் கை தூக்குறீங்களாமே?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அவர உடாதீங்க. ஆனா அந்தம்மா பேச்சு ஒங்க வாயில வரக்கூடாது. அவுங்க என்ன பாவம் பண்ணாங்க?"

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு போதகருக்குத் தெரியாதே. அவர் வீட்டுக்குக் கேன் போடப் போனபோது சொன்னேன்: "அதே வெள்ளிக்கிழமை ஜெபத்துல, அதே பொம்பளைங்க முன்னாடி, நீங்க பண்ணது தப்புன்னு சொல்லணும் ஐயா. இல்லன்னா ஞாயித்துக்கிழமை நான் பாதியில நிறுத்த மாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை மனைவி பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். நான் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றேன். "ஊழியக்காரரும் சில நேரம் தவறிப்போகலாம்..." என்று வளைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நான் மெல்லக் கையைத் தூக்கினேன். பேச்சு நேரானது.

"ஒரு சகோதரி தனியா எங்கிட்ட சொன்னத நான் இங்க சொன்னேன். தப்பு. அது ஆவி இல்ல, நோய். மாத்திரை வேணாம்னதும் தப்பு."

எனக்கு அது போதும். ஆனால் முன்னால் இருந்த அவர் மனைவி எழுந்துவிட்டார். "நானும் மாத்திரை சாப்பிடுறேன். இவருதான் சிதம்பரத்துக்கு அழச்சிகினு போறாரு. ஒங்ககிட்ட மட்டும் வேணாம்னாரு."

என் மனைவியைப் பார்த்த அதே பார்வையோடு பெண்கள் அவரைப் பார்த்தார்கள். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் போதகரைத்தான் பார்த்தேன். மைக்கை வாய்வரை கொண்டுபோய்க் கீழே இறக்கினார். அந்த முகத்தை இன்னும் நினைத்து நினைத்து ரசிக்கிறேன்.

மன்னித்துவிட்டாயா என்று சபையில் கேட்கிறார்கள். இல்லை. ஞாயிறு தவறாமல் போய் முதல் வரிசையில் உட்காருகிறேன். இதை எழுதும் முன் என் மனைவியிடமும் போதகர் மனைவியிடமும் கேட்டேன். இருவரும் எழுதச் சொன்னார்கள். அவரிடம் கேட்கவில்லை.